பத்து அடுப்பு, நூறு பானை

ஊருக்குப் பொதுவான ஒரு பெரிய சமையற்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். விறகு அந்தப் பத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பானை, ஒரு சாமான் பட்டியல், செய்முறை எழுதிய ஒரு தாள். "என் பானையை ஏற்ற ஓர் அடுப்பு கொடுங்கள்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்தப் பத்துப் பேருக்குக் கொடுப்பது என்று தலைமைச் சமையல்காரர் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்தப் பானையிலும் இன்னும் எதுவும் வேகவில்லை. நாக்கில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. தாளைப் படித்தே குழம்பு எப்படி வரும் என்று சொல்லியாக வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அறக்கட்டளைகள் நாள்தோறும் செய்கிற வேலை இதுதான். லண்டனின் வெல்கம் டிரஸ்ட், ஜெர்மனியில் ஹானோவரில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை (பெயர்தான் காருடையது, நிர்வாகம் முற்றிலும் தனி), டென்மார்க்கின் வில்லம் அறக்கட்டளை, பார்சிலோனாவின் லா கைஷா அறக்கட்டளை என்று பெரிய சமையற்கூடங்கள் பல உண்டு. அடுப்பு என்பது பணம். பானையில் இருப்பது ஒரு விஞ்ஞானியின் யோசனை. தாளைப் படித்துப் பதம் சொல்கிறவர்களும் விஞ்ஞானிகளே. தங்கள் ஆய்வகம், வகுப்பு, வீடு எல்லாவற்றுக்கும் நடுவில், பெரும்பாலும் கூலியில்லாமல் இதைச் செய்கிறார்கள்.

இப்போது வாசலில் கூட்டம் பெருத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இளம் முனைவர்களுக்குத் தரும் மரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி நிதிக்கு 2025-இல் 17,058 விண்ணப்பங்கள் வந்தன. ஒரே ஆண்டில் 65 சதவீத உயர்வு. அது அரசுப் பணம். ஆனால் அரசு வாசலில் இடம் கிடைக்காதவர் பானையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவதில்லை, அடுத்த தெருவில் இருக்கும் அறக்கட்டளையின் வாசலுக்குத்தான் போகிறார். அங்கும் இல்லையென்றால் மூன்றாவது வாசல். கிடைக்கும் வாய்ப்பு குறையக் குறைய ஒவ்வொருவரும் ஏறும் படிகளின் எண்ணிக்கை கூடுகிறது. படி ஏறுகிறவர்கள் கூடினால் ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு இன்னும் குறைகிறது. ஆராய்ச்சியாளர்களின் தலைக்கணக்கு ஏறாமலேயே விண்ணப்பக் கணக்கு ஏறிக்கொண்டே போவது இப்படித்தான்.

இந்தக் கூட்டத்தால் யாருக்குச் செலவு என்று கேட்டால், அலுவலகம் தன் மேசையில் குவிந்ததை மட்டும் எண்ணிக் காட்டும். வாசலுக்கு வெளியே எரிந்த விறகுதான் அதைவிடப் பெரியது. ஒரு முழு விண்ணப்பக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பல பக்க ஆய்வுத் திட்டம் இருக்கும். பொதுமக்களுக்கு விளங்கும்படி ஒரு சுருக்கம் தனியாக இருக்கும். ஆண்டு வாரியாகச் செலவுக் கணக்கு, அதில் ஆய்வக எலிக் கூண்டின் நாள்வாடகை வரைக்கும் ஒரு வரி. எந்த மாதத்தில் எது முடியும் என்ற அட்டவணை. கிடைக்கும் தரவை எங்கே, எத்தனை காலம் வைத்திருப்போம் என்ற உறுதிமொழி. கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிய ஆதரவுக் கடிதம். துறைத்தலைவர் கையெழுத்து, நிதிப் பிரிவின் ஒப்புதல். இவ்வளவும் ஒரு யோசனைக்கு.

2012-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு 3,727 விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. டேனியல் ஹெர்பர்ட், ஏட்ரியன் பார்னெட் முதலியோர் விண்ணப்பித்தவர்களிடமே கேட்டுக் கணக்குப் போட்டார்கள். புதிய விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரியாக 38 வேலைநாள். மொத்தமாகக் கூட்டினால் 550 ஆண்டுகளுக்கான மனித உழைப்பு, சம்பளக் கணக்கில் 6.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். கூடுதல் நாள் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு வாய்ப்பு கூடியதாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிக வருத்தம் தரும் தகவல் இதுதான். நோய்க்கு மருந்து தேடப் படித்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் எழுதித் திருத்தித் திருத்தி எழுதுகிறார்கள், ஐந்தில் நான்கு பேரின் உழைப்பு அப்படியே வீணாகிறது. 2019-இல் கெவின் கிராஸ், கார்ல் பெர்க்ஸ்ட்ராம் இருவரும் கணித மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள்: மிகச் சிலருக்கே பணம் கிடைக்கும் போட்டிகளில், விண்ணப்பம் எழுதுவதில் எல்லாருமாகச் செலவிடும் உழைப்பு, அந்தப் பணத்தால் நடக்கும் ஆராய்ச்சியின் மதிப்புக்கே ஈடாகிவிடக்கூடும்.

ஆகவே ஓர் அறக்கட்டளை கூட்டத்தைச் சமாளிக்கும் முறையைப் பார்க்கும்போது நான் இரண்டு இடங்களில் கண் வைப்பேன். சமையற்கூடத்துக்கு உள்ளே வேலை குறைகிறதா? வெளியே எரியும் விறகு குறைகிறதா? முதலாவதை மட்டும் செய்துவிட்டு வெற்றி என்று சொல்லிக்கொள்வது எளிது.

முதல் வேலை கல் அரிப்பது. அரிசியைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினால் கல் அடியில் தங்கிவிடும். அலுவலகப் பணியாளர்களே இதைச் செய்துவிடலாம், விஞ்ஞானி தேவையில்லை. துறை சரியா, முனைவர் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு, கேட்கும் தொகை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அதற்கும் முன்னால், வாசலுக்கே அளவாக ஆட்களை வரவழைப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் பேக்கர்ட் அறக்கட்டளை ஐம்பது பல்கலைக்கழகங்களை அழைத்து, ஒவ்வொன்றும் இரண்டு இளம் பேராசிரியர்களை மட்டும் அனுப்பலாம் என்கிறது. நூறு பானைக்கு மேல் வராது. உள்ளே அமைதி. ஆனால் அந்த இருவர் யார் என்ற போட்டி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்குள்ளும் நடந்துகொண்டுதான் இருக்கும், அங்கே விறகு எரிந்துகொண்டுதான் இருக்கும். அழைப்பே போகாத தெருக்காரர்களின் பானையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

மணி அடிக்காமல் இருப்பது மூன்றாவது வழி. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, பெயரில் அறக்கட்டளை என்றிருந்தாலும், அரசு நிறுவனம். அதன் புவி அறிவியல் பிரிவில் சில திட்டங்களுக்குக் கடைசித் தேதியை எடுத்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றார்கள். முன்பு ஓராண்டில் 804 வந்தது, புதிய முறையில் 11 மாதங்களில் 327 ஆகக் குறைந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் பாதி வெந்ததையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறோம், மணி இல்லையென்றால் வெந்த பிறகு வருகிறோம். இது எந்த அறக்கட்டளைக்கும் செலவில்லாத மாற்றம். இன்னும் பலர் இதை முயலாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது குறு விண்ணப்பம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் தத்துவம். முதலில் இரண்டு மூன்று பக்கம் மட்டும் கேட்பார்கள். அதில் தேறியவர்களிடம் மட்டும் முழுத் திட்டம் கேட்பார்கள். டெம்பிள்டன் அறக்கட்டளை இப்படிச் சிறு விசாரணைப் படிவத்தில்தான் தொடங்குகிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2008-இல் தொடங்கிய 'கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்ப்ளொரேஷன்ஸ்' திட்டத்தில் இரண்டு பக்கமே முழு விண்ணப்பம். முன்கூட்டிய சோதனை முடிவு எதுவும் கேட்கவில்லை. ஒரு லட்சம் டாலர் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னார்கள், பலித்தால் மேலே கொடுத்தார்கள். வெளியே எரியும் விறகை நிஜமாகவே குறைக்கும் முறை இது. இரண்டு எச்சரிக்கை உண்டு. படிவம் எளிதானால் முன்பு வராதவர்களும் வருவார்கள், எண்ணிக்கை ஏறும். மேலும், ஒரு சோற்றை நசுக்கிப் பதம் சொல்ல முடிவது எல்லா அரிசியும் ஒரே பானையில் ஒரே தீயில் வெந்ததால்தான். இரண்டு பக்கத்தில் மின்னும் யோசனையின் இருபதாம் பக்கம் வேகாமல் கிடக்கலாம். அதனால் குறு விண்ணப்பத்தை 'யாரை உள்ளே விடலாம்' என்பதற்குப் பயன்படுத்துவது நியாயம். அதைக் கொண்டே கோடிக்கணக்கில் பணம் பிரித்தால் ஆபத்து.

இதையெல்லாம் தாண்டி வந்தவை நாக்குக்காரர்களிடம் போகின்றன. இங்கேதான் வேலை கடினமாகிறது. பத்துப் பாத்திரம் ருசி பார்த்தபின் உப்பு தெரியாமல் நாக்கு மரத்துப்போவது எந்தச் சமையல்காரருக்கும் தெரியும். மதிப்பீட்டாளருக்கும் அதே கதி. முப்பதாவது விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலாவதைப் படித்த அதே மனிதர் இல்லை. எண்ணிக்கை கூடும்போது, மதிப்பிட வாருங்கள் என்ற அழைப்புக்கு மறுமொழியே வராத கடிதங்களும் கூடுகின்றன.

களைப்பில்லாமல் நிதானமாகப் படித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 2018-இல் எலிசபெத் பியர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். முன்பே ஏதோ ஒரு கட்டத்தில் அமெரிக்க அரசின் மருத்துவ நிதியைப் பெற்ற 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து, நிஜக் குழு போலவே உட்கார வைத்து மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் தந்த மதிப்பெண்கள், வேறு வேறு விண்ணப்பங்களுக்கு இருவர் தந்த மதிப்பெண்களைவிட ஒன்றும் நெருக்கமாக இல்லை. மோசமானதை ஒதுக்கும்போது நாக்குகள் ஒத்துப்போகும். நல்லவற்றுக்குள் எது மேல் என்று கேட்டால் ஒவ்வொரு நாக்கும் ஒன்று சொல்கிறது.

டென்மார்க்கின் வில்லம் அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய 'வில்லம் எக்ஸ்பெரிமென்ட்' திட்டத்தில் இதை இரண்டு பக்கமிருந்து பிடித்தார்கள். முதலில், பானை யார் வீட்டிலிருந்து வந்தது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. பெயர் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, பட்டியல் நீண்ட தன்குறிப்பு இல்லை. பெரிய வீட்டுப் பானை என்றாலே மணக்கிறது என்று சொல்லும் பழக்கம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. அது இங்கே பலிக்காது. இரண்டாவது, ஒவ்வொரு மதிப்பீட்டாளர் கையிலும் ஒரு துருப்பு. மற்ற எல்லாரும் முகம் சுளித்தாலும், தனக்குப் பிடித்த ஒன்றை அவர் ஒருவரே மேலேற்றலாம். இந்தத் துருப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பத்துப் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்தால் யாருக்கும் கசக்காத குழம்புதான் முதலிடம் பிடிக்கும். பாகற்காய்க்கு எந்நாளும் அடுப்பு கிடைக்காது. புதிய அறிவியல் பல நேரம் முதல் வாயில் கசப்பாகத்தான் இருக்கிறது.

இனி முறத்துக்கு வருவோம். நெல் குத்தியபின் முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி பறந்துவிடும். கொழித்தால் நொய் ஒரு பக்கம் ஒதுங்கும். கைதேர்ந்தவர் இந்த இரண்டையும் பேசிக்கொண்டே செய்துவிடுவார். ஆனால் முறத்தில் எஞ்சிய முழு அரிசியில் எது அதிக ருசி என்று அவரிடம் கேட்டால் சொல்ல முடியாது. அது முறத்தின் வேலையும் இல்லை. மதிப்பீட்டுக் குழுக்கள் பல்லாண்டுகளாக இந்தக் கடைசி வேலையைத்தான் செய்ய முயன்றுகொண்டிருக்கின்றன. 7.8 வாங்கியதற்கு அடுப்பு, 7.7 வாங்கியதற்குக் கதவு என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது.

ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை துணிச்சலான யோசனைகளுக்கென்று 'எக்ஸ்பெரிமென்ட்!' என்றொரு திட்டம் வைத்திருந்தது. 18 மாதம், 1,20,000 யூரோ வரை, தோற்றாலும் குற்றமில்லை. 2017-இலிருந்து அங்கே குலுக்கல் வந்தது. பெயர் நீக்கிய சிறு விண்ணப்பங்களை நடுவர் குழு படிக்கும். சிலவற்றைத் தானே தேர்ந்தெடுக்கும். தேறாதவற்றைத் தள்ளும். தகுதியானவை என்று எஞ்சியவற்றிலிருந்து சீட்டு எடுக்கப்படும். நியூசிலாந்தின் நலவாழ்வு ஆராய்ச்சி மன்றம் 2013-லேயே இதைத் தொடங்கிவிட்டது. விண்ணப்பித்தவர்களிடம் பின்னர் கேட்டபோது பெரும்பாலோர் குலுக்கலை ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அகாடமி 10,000 பவுண்டு வரையிலான தன் சிறு ஆய்வு நிதிக்கு 2022-இல் இதைக் கொண்டுவந்தது. தர எல்லையைத் தாண்டியவை எல்லாம் குலுக்கலுக்குப் போகும். அதன்பின் முன்பு அதிகம் இடம் பெறாத இனப் பின்னணியினருக்கும், முன்பு பெறாத பல்கலைக்கழகங்களுக்கும் கூடுதலாக நிதி போயிருக்கிறது. சுவிஸ் தேசிய அறிவியல் அறக்கட்டளை இன்னும் சிக்கனம்: எல்லைக்கோட்டின் மேல் நின்று, எவ்வளவு பேசினாலும் பிரிக்க முடியாதவற்றுக்கு மட்டும் சீட்டு.

உழைத்து எழுதியதைச் சீட்டில் போடுவதா என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 7.8-க்கும் 7.7-க்கும் நடுவில் முன்பு நடந்ததும் அதிர்ஷ்டம்தான். அன்று எந்த நாக்கு வந்தது, மதிய உணவுக்கு முன்பா பின்பா என்பதில் விதி ஒளிந்திருந்தது. சீட்டு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. யாருடைய பெயரும் மணமும் அதில் எடை போடாது. அதே சமயம், சீட்டு குழுவின் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும். முழு நீள விண்ணப்பம் எழுத வைத்துவிட்டுக் குலுக்கினால் வெளியே எரிந்த விறகு எரிந்ததுதான். குறு விண்ணப்பமும் குலுக்கலும் சேர்ந்து வரும் இடத்தில்தான் இதன் முழுப் பயன்.

அவசரத்தில் படிவத்தைச் சுருக்குவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோவிட் காலத்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. 2020 ஏப்ரலில் டைலர் கோவன், பேட்ரிக் காலிசன், பேட்ரிக் சூ ஆகியோர் 'ஃபாஸ்ட் கிராண்ட்ஸ்' தொடங்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் நிரப்பக்கூடிய படிவம். 48 மணி நேரத்தில் பதில். 10,000 முதல் 5 லட்சம் டாலர் வரை பணம். முதல் வாரத்திலேயே சுமார் 4,000 விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. சிறிய குழு ஒன்று இரவு பகலாகப் படித்துத் தீர்த்தது. யேல் பல்கலைக்கழகத்தின் 'சலைவாடைரக்ட்' எனும் எச்சில் வழிக் கோவிட் பரிசோதனைக்கு உதவிய பணத்தில் இதுவும் ஒன்று. அந்த ஆகஸ்டிலேயே அதற்கு அமெரிக்க அரசின் அவசர ஒப்புதல் கிடைத்துவிட்டது. நிதி பெற்றவர்களிடம் பின்னர் கேட்டார்கள். வழக்கமான நாளில் தங்கள் நேரத்தில் கால் பங்குக்கு மேல் விண்ணப்பங்களுக்கே போகிறது என்றார்கள் 57 சதவீதம் பேர். ஒரே நோய், ஒரே இலக்கு, கையில் அவசரம் என்பதால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று. சங்க இலக்கிய ஆய்வுக்கும் நட்சத்திர ஆய்வுக்கும் ஒரே குழு 48 மணி நேரத்தில் பதில் சொல்ல முடியாது. ஆனால் படிவத்தை அரை மணி நேரத்துக்குச் சுருக்க எந்தத் துறையிலும் தடையில்லை.

இப்போது வாசலில் புதிதாக ஒன்று நடக்கிறது. எல்லாத் தாளும் ஒரே மணம் மணக்கிறது. கடைப் பொடி வந்ததும் எல்லா வீட்டுச் சாம்பாரும் ஒன்றாய் ஆனதுபோல, செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் எல்லாமே வழுவழுப்பாக, பிழையின்றி, ஒரே குரலில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட தாள், எழுதியவர் அக்கறையுள்ளவர் என்பதற்கு ஓரளவு சான்று. அந்தச் சான்று போய்விட்டது. ஒரே ஆராய்ச்சியாளர் ஒரே சுற்றில் 40-க்கு மேல் விண்ணப்பம் அனுப்பியதைக் கண்ட அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், 2025 செப்டம்பரிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு ஆறு என்று வரம்பு கட்டிவிட்டன. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு இதே கருவி பெரிய துணை என்பதையும் மறக்கக் கூடாது. தடை போடுவதைவிட ஆளுக்கு இத்தனை என்ற வரம்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

லா கைஷா அறக்கட்டளை மறுபக்கத்திலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. பழைய விண்ணப்பங்களையும் அவற்றின் முடிவுகளையும் கொண்டு பயிற்றுவித்த நிரல், புதியவற்றில் தேற வாய்ப்பே குறைவானவற்றைச் சுட்டிக்காட்டும். சுட்டியதை மனிதர் மறுபடி பார்த்த பிறகே நீக்குவார்கள். முறத்தில் உமி பறக்கும் கட்டம் வரைக்கும் இதை நான் ஏற்பேன். ஆனால் பழைய ருசியில் பழகிய நாக்கு அது. பாகற்காயைப் பார்த்தால் அதுவும் தள்ளவே பார்க்கும். அந்த மறுபார்வை ஒருநாள் வெறும் கையெழுத்தாகிவிடாமல் காக்க வேண்டும்.

திரும்பிப் போகும் தொண்ணூறு பானைகளைப் பற்றி அதிகம் பேச்சே வருவதில்லை. "போட்டி மிகக் கடுமையாக இருந்தது" என்று இரண்டு வரிக் கடிதம் வந்தால், விண்ணப்பித்தவர் தன் யோசனையில்தான் குறை என்று எண்ணிக்கொண்டு மறுபடி எழுத உட்காருவார். ஆஸ்திரேலிய ஆய்வில் மறுவிண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரி 28 நாள். தர எல்லையைத் தாண்டியவருக்கு "தேறினீர்கள், சீட்டு விழவில்லை" என்று எழுதினால் அவர் எதையும் மாற்றாமல் மறுநாளே அடுத்த வாசலுக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒருபடி மேலே போகிறது. மரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி போட்டியில் 85 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியும் பணம் கிடைக்காதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்றொரு சான்று தருகிறது. சில நாடுகளின் நிதி அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் அந்த மதிப்பெண்ணையே நம்பித் தங்கள் அடுப்பில் இடம் கொடுக்கின்றன. அறக்கட்டளைகள் தங்களுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளப் புதிய பணம் தேவையில்லை. ஒருவர் மதிப்பீட்டை மற்றவர் ஏற்பது என்ற ஓர் ஒப்பந்தம் போதும், அதை எழுத இரண்டு பக்கமே அதிகம்.